வள்ளத்துப் பச்சை

மகள்,

இந்தக் கடிதத்தை உன் தூரிகைகளைக் கழுவுகிற தம்ளருக்குக் கீழே வைத்துவிட்டுப் போகிறேன். சாமித்தட்டில் வைத்தாலும் சாப்பாட்டுக் கோப்பைக்குப் பக்கத்தில் வைத்தாலும் உன் கண்ணில் படாது. அந்தத் தம்ளரை மட்டும் நீ தூக்காமல் இருக்க மாட்டாய். நேரில் சொல்லலாம்தான். காதில் பாட்டு, கண்ணில் பூதக்கண்ணாடி, பல்லிடுக்கில் தூரிகை என்று குனிந்திருக்கிற ஒருத்தியிடம் என்னத்தைச் சொல்வது? "சொல்லுங்க அப்பா, கேக்குது" என்பாய். கேட்காது. போன ஞாயிற்றுக்கிழமை நீ விடைத்தாள் திருத்தப் போயிருந்த நேரம் மாப்பிள்ளையின் தாய் நம் வீட்டுக்கு வந்தாரே, அன்று நடந்ததைப் பற்றி அம்மா உனக்கு ஒரு கதை சொல்லியிருக்கிறாள். அதில் பாதி சரியில்லை. என்னைப் பற்றிச் சொன்னது எதுவுமே சரியில்லை. அதனால் நானே எழுதுகிறேன்.

வளவின் பின்பக்கம் கட்டிய சின்ன வீட்டுக்குத் தகரம் போட்டாயிற்று. கலியாணத்தோடு இந்த முன்வீடு உன்னுடையது. பெண்பிள்ளைக்கு வீட்டைக் கொடுத்துவிட்டுப் பெற்றவர்கள் ஒதுங்குவது நம் பக்கத்து வழமை, அதில் எனக்கு ஒரு குறையும் இல்லை. நானும் அம்மாவும் கட்டில், சட்டி பானை, மீன்பிடி வள்ளம் திருத்துகிற என் வேலைச் சாமான்கள் எல்லாவற்றையும் பின்னுக்குக் கொண்டுபோய்விட்டோம். இந்த வீட்டைவிட்டு அசையாமல் இருப்பவை உன் பிளாஸ்டிக் பூதங்கள் மட்டும்தான். ஹோலில் பாதியை அந்த மேசை பிடித்துக்கொண்டிருக்கிறது. கோடரியோடு நிற்கிறவன், ஈட்டியோடு நிற்கிறவன், இறக்கை முளைத்தவன், உடம்பு இருந்தும் தலை இன்னும் ஒட்டாதவன். பெருவிரல் உயரம் இல்லாத இந்தக் கூட்டத்துக்குப் பயந்து வீட்டுக்கு வருகிற மனிதர்கள் சுவரோடு சாய்ந்து நடக்கிறார்கள். அதிலும் பாதிப் பேருக்கு நிறமே இல்லை. ஒன்றை முடிக்காமல் அடுத்ததைத் தொடங்குகிற இந்தப் பழக்கத்தை எங்கேயிருந்து எடுத்தாய் என்று எனக்கு இன்றுவரை விளங்கவில்லை.

நான் கோபக்காரன் இல்லை என்பது உனக்குத் தெரியும். ஆனாலும் ஒரு மனிதன் எவ்வளவைத்தான் பொறுப்பது? குளிர்சாதனப் பெட்டியில் முட்டை வைக்கிற குழிகளில் பெயின்ற் குப்பிகள் இருக்கின்றன, முட்டை அரிசி வாளிக்குள் கிடக்கிறது. தேத்தண்ணி என்று நினைத்து நீ தூரிகை கழுவிய தண்ணீரை நான் குடித்திருக்கிறேன், ஒரு தரம் இல்லை. முதல் பூச்சு என்று எதையோ வாசலில் வைத்து விசிறுகிறாய், அதில் அம்மாவின் நந்தியாவட்டை சாம்பல் நிறத்துக்கு வந்துவிட்டது. பூப்பறிக்க வருகிற பெண்கள் அதற்கு என்ன நோய் வருத்தம் என்று கேட்கிறார்கள். காத்தான்குடிப் புடவைக்கடையில் கூறைச் சேலையை விரித்துப் போட்டபோது கரையைத் தடவிப் பார்த்துவிட்டு, "அப்பா, அந்த ராஜாட மேலங்கிக்கு இதான் சரியான நிறம்" என்றாய். கடைக்கார நாநா என்னைப் பார்த்தார். நான் மின்விசிறியைப் பார்த்தேன்.

இது தொடங்கிய விதத்தை உன் சிநேகிதிகளுக்கு நீ அழகாக்கிச் சொல்வதை நான் கேட்டிருக்கிறேன். அதில் அழகு ஒன்றும் இருக்கவில்லை. சுனாமியில் கடல் வந்த அன்று காலை உன் சித்தப்பா கரையில் மீன் வாடிக்குள் நின்றான். நான் ஒரு இயந்திரத்தைக் கழற்றிக்கொண்டு வாவிப் பக்கம் வந்திருந்தேன். அவ்வளவுதான் வித்தியாசம். அவனை மறுநாள் கண்டெடுத்தோம். வீட்டில் மிஞ்சியது அத்திவாரமும் கிணறும். பள்ளிக்கூடம் ஒன்றில் வகுப்பறைக்கு நாலைந்து குடும்பமாக இருந்தோம். அப்போது ஒரு லொறி வந்து பிள்ளைகளுக்கு விளையாட்டுச் சாமான் கொடுத்தது. உனக்குக் கிடைத்தது, படுக்க வைத்தால் கண்ணை மூடுகிற நல்ல பொம்மை. பக்கத்து வகுப்பறைப் பிள்ளைக்கு ஒரு பெட்டி கிடைத்தது. மேலே வாளும் கேடயமுமாகப் பயங்கரமான ஆட்களின் படம், உள்ளே சாம்பல் நிறப் பிளாஸ்டிக் சட்டங்களில் தனித்தனியாகத் தலை, கை, கால், இறக்கை. அந்தப் பிள்ளை அழுதது. நீ போய் உன் பொம்மையைக் கொடுத்து அந்தப் பெட்டியை வாங்கி வந்தாய்.

அம்மாவுக்கு ஆத்திரம். "ஏன் புள்ள, கண் மூடுற பொம்மையக் குடுத்துட்டு இந்த உடைஞ்ச சாமானையா வாங்கின?" என்று கேட்டாள். நீ தலை நிமிரவில்லை. "இது உடையல்ல அம்மா. இன்னும் செய்யல்ல" என்றாய்.

அந்தப் பதிலில் எனக்கு இரக்கம் வந்தது உண்மை. அந்த இரக்கம் நெடுநேரம் நீடிக்கவில்லை. என் நகவெட்டியை எடுத்துத் துண்டுகளை வெட்டினாய், நகவெட்டி போயிற்று. நான் எங்கோ கேட்டு வாங்கி வைத்திருந்த பசையை எடுத்து ஒட்டினாய். அதில் விரலைக் கீழுதட்டோடு சேர்த்து ஒட்டிக்கொண்டாய். கால் கிழிந்தவர்களும் மூச்சு இழுப்பவர்களும் வரிசையில் நிற்கிற மருத்துவக் கூடாரத்துக்கு, வாயில் விரல் ஒட்டிய பிள்ளையைத் தூக்கிக்கொண்டு போய் நின்றவன் நான். அந்த நேர்ஸ் சிரிப்பை அடக்கப் பட்ட பாடு இன்னும் கண்ணுக்குள் நிற்கிறது. பெட்டியோடு ஒரு தாள் இருந்தது. பாஷை தெரியாவிட்டாலும் படம் தெளிவு. எந்தக் கை எந்த உடம்புக்கு என்று இலக்கம் போட்டிருந்தது. நீ வேண்டுமென்றே மாற்றி ஒட்டினாய். வில்லுப் பிடிக்கிற கையைக் கோடரிக்காரனுக்கு வைத்தாய், குதிரைக்காரனின் தலையைக் கால்நடையாக வந்தவனுக்கு வைத்தாய். நான் தாளைக் காட்டினேன். "இவனுக்கு இந்தக் கை புடிக்கல்ல அப்பா" என்றாய். பின்னாளில் வந்தாறுமூலையில் பல்கலைக்கழகம் படிக்கப் போனபோது, உலகம் முழுக்க ஆட்கள் இப்படித்தான் ஒன்றை வெட்டி இன்னொன்றில் ஒட்டுகிறார்கள், அதற்கு 'கிட்பாஷிங்' என்று பெயர்கூட இருக்கிறது என்று ஏதோ நீதிமன்றத் தீர்ப்பைப் போல என் முன்னால் வந்து வாசித்தாய். பெயர் இருந்தால் சரியாகிவிடுமா?

பிறகு வாவிப் பக்கமாக நிவாரண வீடு கிடைத்து, இங்கே வந்தோம். வந்து சுவர் காய முதல் மறுபடியும் சண்டை தொடங்கியது. வாவிக்கு அப்பால் படுவான்கரையில் செல் குண்டு விழுகிற சத்தத்துக்கு நம் யன்னல் கண்ணாடி அதிரும். வெல்லாவெளிப் பக்கத்துச் சனம் மூட்டை முடிச்சோடு கடந்து வந்து நம் ஊரில் கூடாரங்களில் இருந்தது. வான் வண்டி ஒன்று வரும், ஒரு வீட்டுப் பிள்ளை இல்லாமல் போகும். பொழுது சாய்ந்தால் யாரும் யார் வீட்டுக்கும் போவதில்லை. உன் சிநேகிதிகளை வரவேண்டாம் என்று நான்தான் சொன்னேன். ஆனால் உன் விளையாட்டுக்கு எதிர்ப்பக்கம் ஒரு ஆள் வேண்டும். அம்மா ஆளை விடு என்று கும்பிட்டுவிட்டுக் குசினிக்குள் போய்விட்டாள். மீதி இருந்தவன் நான். வள்ளத்துக்குப் பைபர் ஒட்டி, அந்தத் தூள் உடம்பெல்லாம் கடிக்கக் கடிக்க வந்து, பின்னேரங்களில் உன் எதிரே இருந்து லூடோக் கட்டை உருட்டினேன். என் அளவு நாடாவை வைத்து, என் ஆள் எவ்வளவு தூரம் நடக்கலாம் என்று எனக்கே அளந்து காட்டுவாய். கவிழ்த்த தேங்காய்ச் சிரட்டைதான் மலை. மலைக்குப் பின்னால் நிற்கிறவனை அம்பால் அடிக்க முடியாது என்று சட்டம் போட்டது நீ. நான் என் ஆட்களைப் பத்திரமாகச் சிரட்டைக்குப் பின்னால் கொண்டுபோய் நிறுத்தியதும், "அது மலை இல்ல அப்பா, பத்தை. இலைக்குள்ளால அம்பு போகும்" என்பாய். தோற்கப் போகிறபோது சட்டத்தை மாற்றுகிற ஒருத்தியோடு எத்தனை வருஷம் விளையாடியிருக்கிறேன் என்று யோசித்துப் பார்.

இனி நமக்குள் இன்னும் தீராத அந்தக் கதைக்கு வருகிறேன். உன் மாமா சுவிஸிலிருந்து இரண்டாவது பெட்டி அனுப்பினார். நீ இரண்டு பெட்டித் துண்டுகளையும் கலந்து ஒரு மிருகம் செய்தாய். செதில் உடம்பு, குதிரைக் கால், ஓநாய்த் தலை, முதுகில் இறக்கை. செய்ததோடு நின்றிருக்கலாம். அதற்கு உடம்பெல்லாம் மஞ்சள் பூசி, கறுப்பு வரி போட்டாய். இறக்கைக்கு நடுவில் ஒரு கொடியும் நட்டாய். அந்தக் காலத்தில், நாளுக்கு ஒரு தெருவில் ஆமியின் சோதனை நடக்கிற காலத்தில், என் ஹோலில் மஞ்சளும் கறுப்பு வரியுமாக ஒன்று வாயைத் திறந்துகொண்டு நிற்கிறது. "மகள், இந்த நிறத்த மாத்துங்க" என்று எவ்வளவோ பணிவாகச் சொன்னேன்.

"ஏன்?"

"பாக்கிறவனுக்கு அது வேற மாதிரித் தெரியும்."

"அது குளவி அப்பா. இறக்கை இருக்குத்தானே."

குளவியா இல்லையா என்று விசாரித்துவிட்டா நடவடிக்கை எடுப்பார்கள்? நீ மாற்றவில்லை. மறுநாள் நீ பள்ளிக்கூடம் போன பிறகு, வள்ளத்துக்குப் பூசுகிற பச்சைப் பெயின்றை எடுத்து, என்னிடம் இருந்த ஒரே தூரிகையால் அதன் தலை முதல் வால் வரை மூடிவிட்டேன். கொடியைப் பிடுங்கி அடுப்பில் போட்டேன். நீ வந்து பார்த்தாய். கத்தவில்லை. "ஆரக் கேட்டு?" என்று மட்டும் கேட்டாய். அதற்குப் பிறகு என்னோடு பேசவில்லை. "அம்மா, அந்த ஆளிட்ட உப்பை இஞ்சால தரச் சொல்லுங்க" என்று என் முகத்துக்கு நேரே இருந்து சொன்னாய். பதின்மூன்று வயதுக்கு அவ்வளவு வைராக்கியம்.

நீ பேசாமல் இருந்த அந்த நாட்களிலேயே ஆமி வந்தது. விடியத் தெருவை வளைத்துக்கொண்டார்கள். ஒவ்வொரு வீடாகச் சோதனை. நம் வீட்டுக்குள் வந்தவன் இளம் ஆள், முகத்தில் பரு. அம்மா வாசலில் அடையாள அட்டையோடு நின்றாள். நானும் நீயும் ஹோலில் நின்றோம். கட்டிலுக்குக் கீழே பார்த்தான், அரிசி மூட்டையைக் குத்திப் பார்த்தான், பிறகு மேசைக்கு வந்தான். வரிசை வரிசையாக ஆயுதம் ஏந்திய கூட்டம். "மே மொனவாத?" என்றான். இவை என்ன என்று சிங்களத்தில் கேட்கிறான்.

"பொம்மை சேர். விளையாட்டு" என்றேன்.

"யார் செய்றது?"

நான் செய்தது என்று சொல்ல வாயெடுத்தேன். நீ முந்திக்கொண்டு, "நான்" என்றாய். என்னோடு பேசாத வாய், அவனோடு பேசியது. அவன் உன்னைப் பார்த்தான். துப்பாக்கியைத் தோளுக்குத் தள்ளிவிட்டுக் குனிந்து, அத்தனை உருவங்களுக்குள் சரியாக அந்தப் பச்சை மிருகத்தைத் தூக்கினான். மற்றதெல்லாம் நுணுக்கமாக நிறம் பூசியிருக்க, இது மட்டும் சேறு அப்பியதுபோல இருந்ததால் கண்ணில் பட்டிருக்கும். வள்ளத்துப் பெயின்றைத் தடிப்பாகப் பூசினால் மேலே காய்ந்தாலும் உள்ளே காய நாள் எடுக்கும். அவன் பெருவிரல் பட்ட இடத்தில், இறக்கைக்குக் கீழே, பச்சை தோலாக உரிந்து வந்தது. மஞ்சள் தெரிந்தது. அதில் ஒரு கறுப்பு வரியும் தெரிந்தது.

அவன் விரலில் ஒட்டிய பச்சையைப் பார்த்தான். உரிந்த இடத்தைப் பார்த்தான். என்னைப் பார்த்தான். பிறகு அந்த மிருகத்தை எடுத்த இடத்திலேயே வைத்தான். உரிந்த பக்கம் சுவரைப் பார்க்க வைத்தான். விரலைக் காற்சட்டையில் துடைத்துக்கொண்டு வெளியே போய், அம்மாவிடம் அட்டையைத் திருப்பிக் கொடுத்துவிட்டு அடுத்த வீட்டுக்குப் போனான்.

அன்றிலிருந்து இன்றுவரை இந்த ஒரு விஷயத்தில் நீயும் நானும் ஒத்துப்போனதில்லை. "அவன் மஞ்சளக் கண்டான், ஒண்டும் செய்யல்ல. நீங்க சும்மா பயந்து என்ட வேலையப் பழுதாக்கின" என்பது உன் கட்சி. ஒரு நகத்தளவு மஞ்சளைக் கண்டு பேசாமல் போனவன், உடம்பு முழுக்க மஞ்சளையும் நட்டு வைத்த கொடியையும் கண்டிருந்தால் பேசாமல் போயிருப்பானா என்பது என் கட்சி. அவனுக்குப் பின்னால் இன்னொருவன் வந்திருந்தால்? அவன் நல்ல பெடியனாக இல்லாமல் இருந்திருந்தால்? கேட்டுக் கேட்டு எனக்கு அலுத்துவிட்டது, சொல்லிச் சொல்லி உனக்கும் அலுத்திருக்கும். நிறத்துக்காக நான் மன்னிப்புக் கேட்கப்போவதில்லை. இன்றைக்கு அதே நிலைமை வந்தாலும் அதே பச்சையை எடுப்பேன். கொஞ்சம் தண்ணியாகக் கலந்திருக்கலாம், அதை ஒத்துக்கொள்கிறேன்.

சண்டை முழுக்க முடிந்துவிட்டது என்று அரசாங்கம் சொன்ன அன்று சந்தியில் வெடி கொளுத்தினார்கள். நாங்கள் கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே இருந்தோம். அம்மா ரேடியோவை நிற்பாட்டினாள். நீ மேசையில் இரண்டு பக்கமும் ஆட்களை நிறுத்திவிட்டு, கட்டையை என் கையில் தந்தாய். நான் உருட்டவில்லை. நீ அவசரப்படுத்தவும் இல்லை, சட்டம் பேசவும் இல்லை. பொழுது சாயும்வரை இருவரும் அந்த மேசைக்கு இரண்டு பக்கமும் இருந்தோம். உன்னோடு இருந்ததில் நீ என்னை அலுப்புப்படுத்தாத பின்னேரம் அது ஒன்றுதான்.

இனி ஞாயிற்றுக்கிழமை. மாப்பிள்ளையின் தாய் வெல்லாவெளியிலிருந்து பஸ்ஸில் ஒரு சட்டி எருமைத் தயிரோடு வந்து இறங்கினார். அலுமாரி செய்யக் கொடுக்க வேண்டும், ஹோலில் எங்கே வைப்பது என்று பார்க்க வந்தாராம். அம்மா அவசரத்தில் உன் மேசைமேல் கட்டில் விரிப்பை இழுத்துப் போட்டிருந்தாள். அது மலையும் பள்ளமுமாக மேசையில் நின்றது. அவர் சுவரைப் பார்ப்பாரா, அதைப் பார்ப்பாரா?

"இதுக்குள்ள என்ன கா?" என்று கேட்டுக்கொண்டே விரிப்பைத் தூக்கிவிட்டார்.

"அது... பள்ளிக்கூடப் புள்ளைகளுக்குப் படிப்பிக்கிறத்துக்கு" என்றாள் அம்மா.

எனக்குச் சினம் வந்தது. கணக்குப் படிப்பிக்கிறவளுக்குக் கோடரி எதற்கு? நாளைக்கு அவர் மகன் இந்த வீட்டுக்கு வந்து உண்மையைக் காணாமல் இருப்பானா? "இல்ல, இது அவட விளையாட்டு. சின்னனில இருந்து செய்ற. கலியாணம் முடிச்சாலும் செய்வா" என்றேன். அம்மா என் காலை மிதித்தாள். அவர் மூக்குக்கண்ணாடியை எடுத்துப் போட்டுக்கொண்டு மேசையை ஒரு சுற்றுச் சுற்றினார். இது என்ன, அது ஏன் என்று கேட்டார். நான் சொன்னேன். யார் எவ்வளவு தூரம் நடக்கலாம், யாரை யார் வெட்டலாம், மலைக்குப் பின்னால் நிற்கிறவனை ஏன் அடிக்க முடியாது, எல்லாம் சொன்னேன். நான் ஒரு மணித்தியாலம் பேசினேன் என்று அம்மா உன்னிடம் சொன்னது பொய். தயிர் புளித்தது வெயிலால்.

சுற்றி முடித்துவிட்டு அவர் அந்த மிருகத்தைச் சுட்டிக்காட்டினார். "எல்லாம் வடிவா இருக்கு. இது மட்டும் ஏன் இப்பிடி?"

சொன்னேன். குளவி, பச்சை, பெருவிரல், எல்லாம். அவர் கதிரையை இழுத்துப்போட்டு இருந்தார்.

"நாங்களும் அப்ப இஞ்ச குருக்கள்மடத்துலதான், கூடாரத்துல இருந்த" என்றார். "வீட்ட விட்டு வெளிக்கிடக்குள்ள என்ட மகன் ஒரு சேட்டு போட்டுட்டு நிண்டான். பள்ளிக்கூட விளையாட்டுப் போட்டிக்குக் குடுத்தது. மஞ்சள், கறுப்புக் கோடு. அவன்ட விளையாட்டு இல்லத்து நிறம். ஓட்டத்துல வெண்ட சேட்டு, இதோடதான் வருவன் எண்டு நிண்டான். வழியெல்லாம் சோதனை. நான் கழட்டி அடுப்புல வெச்ச." கண்ணாடியைக் கழற்றிச் சேலைத் தலைப்பால் துடைத்தார். "நீங்க பெயின்ற்தானே அடிச்சீங்க. நான் எரிச்சுப்போட்ட. இன்னும் சொல்லிக் காட்டுவான். வேற சேட்டு வாங்கிக் குடுத்தாலும் அது மாதிரி இல்ல எண்டுவான்."

"எங்கட புள்ளையும் அப்பிடித்தான்" என்றேன். இரண்டு பேரும் பிள்ளைகளைப் பற்றிக் குறை சொல்லத் தொடங்கினோம். நெடுநாளைக்குப் பிறகு மனதுக்கு ஆறுதலாக இருந்தது. போகும்போது அவர் அம்மாவிடம் சொன்னது இதுதான், அம்மா இதை உனக்குச் சொல்லியிருக்க மாட்டாள்: "அலுமாரி அறைக்குள்ள போகட்டும். இது இருக்கிற இடத்துல இருக்கட்டும்." இந்த வீட்டில் என் பக்கம் பேச ஒருவர் வருகிறார் என்று நம்பியிருந்தேன். அதுவும் போயிற்று.

ஆகவே மேசை நிற்கும். ஆனால் சிலதைக் கேட்டுக்கொள். மாப்பிள்ளைப் பெடியனிடம் அந்த மஞ்சள் சேட்டைப் பற்றி நீயாகக் கேள். அவன் தாயிடம் சொல்லாததை உன்னிடம் சொல்வான். சேர்ந்து வாழ்கிறபோது அவனும் ஒருநாள் உன்னைக் கேட்காமல் உன்னுடைய எதையாவது மாற்றி வைப்பான். உப்பை மூன்றாம் ஆளிடம் கேட்கத் தொடங்குவதற்கு முதல், எதற்குப் பயந்து செய்தாய் என்று ஒரு தரம் கேட்டுப் பார். பதில் பிடிக்காவிட்டால் பிறகு சண்டை பிடி. தோற்கப் போகிறபோது அவனோடு சட்டத்தை மாற்றாதே. நான் தகப்பன், பொறுத்தேன். அவன் பொறுக்க வேண்டிய கட்டாயம் இல்லை. தலை ஒட்டாமல் நிற்கிறவர்களுக்குத் தலையை ஒட்டு. முட்டைக் குழியை முட்டைக்கு விடு.

இன்னொன்று. நாங்கள் பின்வீட்டுக்குப் போன பிறகு இது உன் வீடு. உன் புருஷன் இருக்கிற வீட்டுக்குள் நினைத்த நேரம் நுழைகிற ஆள் நான் இல்லை, மாமனாருக்கு என்று ஒரு மரியாதை இருக்கிறது. விளையாட எதிர்ப்பக்கம் இனி அவன் இருப்பான். பழக்கிக்கொள். பழகும்வரை அவன் மோசமாகத்தான் விளையாடுவான், வேகமாக நகர்த்திப் போட்டு எல்லாரையும் சாகக் கொடுப்பான், பார்க்கவே உனக்கு அலுப்பாக இருக்கும். சனிக்கிழமை பின்னேரங்களில் எனக்கு வேலை இருப்பதில்லை. நானாக வந்து வாசலில் நிற்க மாட்டேன். வளவு ஒன்றுதான், குரல் கேட்கிற தூரம்தான். கூப்பிடு.

அப்பா